நாளை காலை எடுக்க வேண்டிய அளவு

நான் முதுகலை படித்த கல்லூரியின் இயற்பியல் வேதியியல் ஆய்வகத்தில், தராசு அறைக்குப் போகும் வழியில் ஒரு மர அலமாரி உண்டு. மேல்தட்டுகளில் பழுதான கால்வானோமீட்டர்களும் தூசி படிந்த கண்ணாடிச் சாமான்களும் கிடக்கும். கீழ்த்தட்டை மட்டும் தினமும் துடைத்து வைத்திருப்பார்கள். அதில் அடைப்பான் போட்ட கோனிக்கல் குடுவைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலால் கட்டிய ஒரு காகிதச் சீட்டு: பேட்ச், பதிவு எண், தேதி, கலந்த நேரம். ஆய்வக உதவியாளர் அண்ணன் அந்தத் தட்டை ‘இன்பினிட்டி ரேக்’ என்பார். விவரம் தெரியாமல் யாராவது அதில் பையை வைத்துவிட்டால் அவருக்கு வரும் கோபம், வேறு எதற்கும் வந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் குடுவைகளைப் பார்த்தால் உள்ளே எதுவும் நடப்பதாகத் தெரியாது. நிறமில்லாத திரவம். குமிழி இல்லை, வண்டல் இல்லை. அடைப்பானைத் திறந்தால் லேசாக ஒரு பழவாசனை வரும். மறுநாள் திறந்தால் அந்த வாசனை போயிருக்கும். இடைப்பட்ட இரவில் ஒரு வினை தன் போக்கில் முடிந்திருக்கும்.

முதுகலை வேதியியல் படித்த எவருக்கும் அந்தச் சோதனை நினைவிருக்கும். அரை நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லி. அதில் 5 மில்லி மெத்தில் அசிட்டேட்டை விட்டு ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும். எஸ்டர் தண்ணீரோடு சேர்ந்து அசிட்டிக் அமிலமாகவும் மெத்தில் ஆல்கஹாலாகவும் பிரியத் தொடங்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 5 மில்லியைப் பிப்பெட்டில் எடுத்து ஐஸ் தண்ணீரில் விட்டால் வினை ஏறக்குறைய நின்றுவிடும். பினாப்தலீன் இரண்டு சொட்டு. பியூரெட்டில் காரம். இளஞ்சிவப்பு வந்து நிலைத்ததும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அமிலம் கூடக் கூட அளவும் ஏறும்: 11.9, 12.7, 13.5, 14.3.

இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு நிமிடத்திலும் எஸ்டர் எவ்வளவு மிச்சமிருந்தது என்பதுதான் நமக்கு வேண்டும். அது தெரிய வேண்டுமானால், எல்லாம் முடிந்தபிறகு பியூரெட் எவ்வளவு காட்டும் என்பது தெரிந்தாக வேண்டும். அந்தக் கடைசி அளவிலிருந்துதான் மற்ற எல்லா அளவுகளையும் கழிக்கிறோம். அதற்குத்தான் இன்பினிட்டி ரீடிங் என்று பெயர். 32 டிகிரி வெப்பத்தில் இந்தக் கலவையில் பாதி எஸ்டர் சிதைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும்; இதுதான் அதன் அரை ஆயுட்காலம். அடுத்த இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தில் பாதி. இப்படிப் பத்து முறை பாதியான பிறகுதான் ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சும். அதற்கு இருபது மணி நேரம் வேண்டும். கால அட்டவணையில் எங்களுக்கு இருந்ததோ மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை.

முதலாண்டில் என் முறை வந்த அன்று, பத்து அளவுகளையும் ஒழுங்காக எடுத்தேன். குடுவையைச் சீட்டோடு ரேக்கில் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலை முதல் வகுப்புக்கு முன்னால் வந்து கடைசி அளவை எடுக்க வேண்டும். வரவில்லை. பக்கத்து மேசை நண்பனுக்கு 25.6 வந்திருந்தது. அதே அமிலம், அதே எஸ்டர் பாட்டில், அதே பியூரெட் காரம். அவனுடைய எண்ணை எழுதிக் கணக்கை முடித்தேன். மிச்ச எஸ்டரின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தபோது, வரைபடத்தாளில் பத்துப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் உட்கார்ந்தன. ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன்.

அவர் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். பிறகு நோட்டை மூடாமல் எழுந்து ரேக்குப் பக்கம் நடந்தார். என் பதிவு எண் எழுதிய குடுவை அடைப்பான் திறக்கப்படாமல் அங்கேயே நின்றது.

“கோடு நேராத்தான் இருக்கு தம்பி. இன்பினிட்டி யாரோடது?”

நான் பதில் சொல்லவில்லை. “போய் எடுத்துட்டு வா” என்றார்.

எடுத்தேன். 26.9. நண்பனுடையதைவிட 1.3 மில்லி அதிகம். மெத்தில் அசிட்டேட் சட்டென்று ஆவியாகும் திரவம். பிப்பெட்டில் உறிஞ்சும்போதே அதன் ஆவி மேலே முட்டும், நுனியிலிருந்து சொட்டும். நான் விட்டதும் அவன் விட்டதும் ஒரே அளவாக இருக்க எந்த அவசியமும் இல்லை. மறுபடி கணக்குப் போட்டபோது, கோட்டின் சாய்விலிருந்து கிடைக்கும் வேக மாறிலி முன்பு வந்ததைவிட ஏறக்குறைய பன்னிரண்டு விழுக்காடு மாறிவிட்டது. கோடு அப்போதும் நேராகவே இருந்தது.

அந்த இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்று மாலை வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டுமே நேர்கோடுகள். ஒன்று சரி, ஒன்று தவறு. கடைசி அளவு தவறாக இருந்தால் கோடு வளையும் என்றுதான் புத்தகத்தில் படித்திருந்தேன். வளையத்தான் செய்யும், மூன்று நான்கு அரை ஆயுட்காலங்கள் வரை அளவெடுத்தால். நாங்கள் எடுத்ததோ ஒன்றரை மணி நேரம், அதாவது ஓர் அரை ஆயுளுக்கும் குறைவு. அந்தத் துண்டில் வளைவு கண்ணுக்குத் தெரியாது. தவறு முழுவதும் கோட்டின் சாய்வுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அழகான வரைபடம் உண்மைக்குச் சாட்சி ஆகாது என்பதை எந்த விரிவுரையும் எனக்கு அப்படிப் புரியவைத்திருக்க முடியாது.

சார் 25.6-ஐ ஒரே கோட்டால் அடிக்கச் சொல்லி, பக்கத்தில் 26.9 என்று எழுதச் சொன்னார். “அடிச்சது அடிச்சபடியே இருக்கட்டும். ரப்பர் போடாதே.” அந்த அடித்தலுக்குக் கீழே பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

கரிம வேதியியல் ஆய்வகத்தில் வேலை முடிந்தால் கையில் ஒரு பொருள் இருக்கும். படிகம் மின்னும், உருகுநிலை பார்க்கலாம், பொட்டலம் கட்டிப் பெயர் எழுதலாம். இயற்பியல் வேதியியல் ஆய்வகத்தில் நாள் முழுக்க நின்று வேலை செய்தவன் வீட்டுக்கு எடுத்துப்போவது ஓர் எண்ணை மட்டும். கரைசல்கள் எல்லாம் தொட்டியில் கொட்டப்பட்டுவிடும். அந்த எண் எப்படி வந்தது என்பதற்கு அவனுடைய நோட்டைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. முதுகலைக்கு வரும்வரை ‘வந்ததா?’ என்றுதான் ஆய்வகம் கேட்கிறது. முதுகலையில் அது ‘வந்ததை எவ்வளவு நம்பலாம்?’ என்று கேட்கத் தொடங்குகிறது. இந்த இரண்டாவது கேள்விக்குப் பழகுவதுதான் உயர்நிலைப் பயிற்சி என்று நான் நினைக்கிறேன். எத்தனை விலையுயர்ந்த கருவி வாங்கிப் போட்டாலும், அந்தக் கேள்வி இல்லாத இடத்தில் அது பள்ளிக்கூடச் சோதனைதான்.

காத்திருக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி பரம்பரையாகச் சொல்லித்தரப்படுகிறது. குடுவையை வெந்நீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால் வினை வேகமாக முடிந்துவிடும் என்பார்கள். வினை வேகமாகத்தான் நடக்கும். ஆனால் மெத்தில் அசிட்டேட் கொதிப்பது 57 டிகிரியில். அடைப்பான் சரியாக இல்லாத குடுவையை 60 டிகிரித் தண்ணீரில் வைத்தால், எஸ்டரில் ஒரு பங்கு அமிலமாக மாறாமல் காற்றோடு போய்விடும். அளவு குறைவாக வரும். குறைவாக வந்தது என்று தெரியவும் தெரியாது. மேலே குளிர்விப்பான் பொருத்திச் செய்தால் பிழையில்லை. பெரும்பாலான இடங்களில் அதைப் பொருத்துவதில்லை.

நேர்மையான வழியும் ஒன்று உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த குக்கன்ஹைம் 1926-இல் அதை வெளியிட்டார். இன்பினிட்டி ரீடிங்கே எடுக்காமல் வேக மாறிலியைக் காண்பதற்கான முறை அது. சம இடைவெளிகளில் ஒரு வரிசை அளவுகளை எடுக்க வேண்டும். பிறகு ஒரு குறிப்பிட்ட காலம் கழித்து, அதே இடைவெளிகளில் இரண்டாவது வரிசையை எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் உள்ள வித்தியாசத்தின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால், சாய்விலிருந்து விடை கிடைத்துவிடும். கழித்தலில் கடைசி அளவு தானாகவே காணாமல் போய்விடுகிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. பிறகுதான் அந்தக் ‘குறிப்பிட்ட கால’த்தைக் கவனித்தேன். அது குறைந்தது இரண்டு மூன்று அரை ஆயுட்காலங்களாவது இருக்க வேண்டும். எங்கள் எஸ்டருக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம். முடிவுவரை காத்திருக்க வேண்டாம் என்று சலுகை கொடுத்த குக்கன்ஹைமும் பாதி வழிவரை காத்திருக்கத்தான் சொல்கிறார்.

வேகவியல் என்ற துறையே காத்திருந்த ஒருவரிடமிருந்துதான் தொடங்குகிறது. லுட்விக் வில்ஹெல்மி மருந்துக்கடைத் தொழிலிலிருந்து அறிவியலுக்கு வந்தவர். கரும்புச் சர்க்கரைக் கரைசலில் அமிலத்தைக் கலந்து, துருவமானியில் அதன் ஒளிச் சுழற்சி மெல்ல மெல்ல மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒவ்வொரு கணத்திலும் வினையின் வேகம் மிச்சமிருக்கும் சர்க்கரையின் அளவைப் பொறுத்தது என்று 1850-இல் சமன்பாடு எழுதினார். ஒரு வேதிவினையின் வேகத்தைக் கணிதமாக எழுதிய முதல் கட்டுரை அதுதான். முப்பதாண்டுகளுக்கு மேல் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. வில்ஹெல்மி 1864-இல் இறந்துவிட்டார். இருபது ஆண்டுகள் கழித்து வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் அதைத் தேடியெடுத்து, இதுதான் தொடக்கம் என்று சுட்டிக்காட்டினார்.

அந்தச் சர்க்கரைச் சோதனை இன்றும் நம் முதுகலைப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. மாணவர்களுக்கு அதைச் செய்துகாட்டுவதில் எனக்குத் தனி விருப்பம். துருவமானியின் சோடியம் விளக்கைப் போட்டதும் அது சிவப்பாக எரியும். உள்ளே இருக்கும் நியானின் நிறம் அது. சோடியம் சூடாகி ஆவியாகி முழு மஞ்சள் வர ஐந்து பத்து நிமிடங்கள் ஆகும். அதுவரை யாரும் குழாயைத் தொடக் கூடாது. பிறகு கண்ணருகு வில்லையின் வழியே பார்த்தால் வட்டம் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி வெளிச்சமாகவும் மறுபாதி இருட்டாகவும் தெரியும். திருகைத் திருப்பி இரண்டு பாதியையும் சமமாக்கி அளவைக் குறிக்க வேண்டும். சர்க்கரையின் தன்சுழற்சி வலப்பக்கமாக 66.5. அது உடைந்து வரும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சேர்ந்து ஏறத்தாழ 20 இடப்பக்கமாகத் திருப்பும். எனவே அளவு இறங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் பூச்சியத்தைத் தாண்டி மறுபக்கம் போகும். அந்த இடத்தைத் தாங்களே கண்ணால் பார்க்கிற மாணவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

இதே வினையைத்தான் தீபாவளிக்கு அம்மா செய்வார். குலாப் ஜாமூனுக்குப் பாகு காய்ச்சும்போது அரை மூடி எலுமிச்சையைப் பிழிவார், பாகு கற்கண்டாக இறுகிவிடாமல் இருக்க. எலுமிச்சையின் அமிலம் சர்க்கரையில் ஒரு பங்கை உடைக்கிறது. உடைந்த இரண்டும் கலந்து கிடக்கும் பாகில் படிகம் எளிதில் கட்டாது. தேன் இயல்பிலேயே அப்படிப்பட்ட கலவைதான். இதை வகுப்பில் சொன்னால், வில்ஹெல்மியின் சமன்பாட்டை அதன் பிறகு யாரும் மறப்பதில்லை.

ஆஸ்ட்வால்டின் பெயர் நம் ஆய்வக மாணவர்களுக்கு ஒரு பாகுநிலைமானியின் பெயராகத்தான் தெரியும். இரண்டு குமிழ் வைத்த, யு வடிவக் கண்ணாடிக் குழாய். உடைத்தால் அபராதம். ஆனால் பட்டம் முடித்த மாணவர்களுக்கு இயற்பியல் வேதியியலில் முறையான ஆய்வகப் பயிற்சி தருவது என்ற மரபுக்கே அவர்தான் வேர். 1887-இல் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1893-இல் இயற்பியல் வேதியியல் அளவீடுகளைச் செய்வதற்கென்றே ஒரு கையேடு எழுதி வெளியிட்டார். பல நாடுகளிலிருந்தும் பட்டதாரிகள் அந்த ஆய்வகத்துக்கு வந்து வேலை கற்றார்கள். ஜப்பானிலிருந்து வந்த கிகுனாயே இகெதா ஊர் திரும்பி, 1908-இல் கடற்பாசிக் குழம்பின் சுவைக்குக் காரணமான குளூட்டமேட்டைக் கண்டறிந்தார். உமாமி என்று அந்தச் சுவைக்குப் பெயர் வைத்தவர் அவர்.

பிரிட்டனிலிருந்து போனவர் டொனன். அவரும் ஆஸ்ட்வால்டிடம் பயின்று, பின்பு லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பேராசிரியரானார். அவரிடம் படிக்க இந்தியாவிலிருந்து இளைஞர்கள் போனார்கள். அவர்களில் ஒருவரான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் 1921-இல் அங்கே டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அந்தப் பட்நாகர்தான் பிற்பாடு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராகி, நாடெங்கும் தேசிய ஆய்வகங்களை எழுப்பினார். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க முன்வந்தபோது, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்ட, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உருவாகத் தொடங்கியது. 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. லைப்சிக், லண்டன், காரைக்குடி. இசையில் குருபரம்பரை சொல்வதுபோல இதையும் நாம் சொல்லலாம், சொல்ல வேண்டும். செட்டிநாட்டுப் பொட்டலில் நின்று ஓர் இளம் ஆய்வாளர் மின்வாய் அழுத்தத்தை அளக்கும்போது அவருடைய கைக்குப் பின்னால் மூன்று தலைமுறைக் கைகள் இருக்கின்றன.

ஆனால் மரபோடு ஒரு சிக்கலும் நம்மிடம் வந்து சேர்ந்தது. அது வெப்பநிலை. நம் கையேடுகளில் உள்ள மாறிலிகள் எல்லாம் பெரும்பாலும் 25 டிகிரிக்கு உரியவை. குளிர்நாட்டு ஆய்வகத்தில் அது வசதியான எண். அறையின் குளிருக்குக் கொஞ்சம் மேலே என்பதால் தொட்டியைச் சூடாக்கி அங்கே நிறுத்திவிடலாம். நம் ஊரில் ஏப்ரல் மாதத்தில் ஆய்வகத்தின் காற்றே 34, 35 டிகிரி. சாதாரணத் தெர்மோஸ்டாட்டில் சூடாக்கும் கம்பி மட்டும்தான் உண்டு, குளிர்விக்கும் ஏற்பாடு கிடையாது. தொட்டியை 25-க்குக் கொண்டுவரவே முடியாது. ஆனாலும் எத்தனையோ ரெக்கார்டு நோட்டுகளில் ‘வெப்பநிலை: 25 டிகிரி’ என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கரைசலின் மின்கடத்துதிறன் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு கூடும். பத்து டிகிரி என்றால் இருபது விழுக்காடு. கடத்துக்கலத்தின் மாறிலியைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலால் கண்டுபிடிக்கும்போதே இந்தப் பிழை உள்ளே வந்துவிடும். அதற்குப் பிறகு செய்கிற அத்தனை கணக்கிலும் அது கூடவே வரும்.

தீர்வு எளிது. தெர்மாமீட்டரைத் தொட்டியில் வைத்து, அது என்ன காட்டுகிறதோ அதை எழுதுவது. 33.4 என்றால் 33.4. தொட்டியை 35-இல் நிறுத்தி, அந்த வெப்பநிலைக்கான மாறிலியைக் கண்டுபிடிப்பது. அது புத்தகத்தில் இல்லாத எண்ணாக இருக்கலாம். இருந்தால் என்ன, அது நம் ஊரின் எண். என் மாணவர்கள் சிலர் ஒரே வினையை 30, 35, 40, 45 டிகிரிகளில் செய்து, அதிலிருந்து கிளர்வுகொள் ஆற்றலைக் கணக்கிட்டார்கள். நம் வெயிலுக்கு ஏற்ற சோதனை அது.

வேகமான கருவி வந்துவிட்டால் காத்திருப்பு தேவைப்படாது என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அதிவேக நிகழ்வுகளுக்கான தேசிய மையம் இருக்கிறது. வினாடியின் கோடியில் ஒரு பங்கைவிடச் சிறிய நேரங்களில் நடப்பதை அங்கே லேசர் துடிப்புகளைக் கொண்டு அளக்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன்னால் சில மாணவர்களை அங்கே அழைத்துப் போனேன். எங்களுக்குக் காட்டியது கொய்னா மருந்தின் ஒளிர்வு. கொய்னாவை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்துப் புறஊதா ஒளியில் பிடித்தால் நீலமாக மின்னும். ஒளியை நிறுத்தியதும் அந்த மின்னல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அளக்க வேண்டும். ஏறத்தாழ 19 நானோ வினாடி.

அளக்கும் முறை இதுதான். ஒரு லேசர் துடிப்பு விழும். அதன்பின் கரைசலிலிருந்து வெளிவரும் ஓர் ஒளித்துகள் வந்துசேர எவ்வளவு நேரம் எடுத்தது என்று கருவி குறித்துக்கொள்ளும். அடுத்த துடிப்பு. மறுபடி ஓர் ஒளித்துகள், அல்லது ஒன்றும் இல்லை. இப்படிக் கோடிக்கணக்கான துடிப்புகள். திரையில் ஒரு வளைவு புள்ளி புள்ளியாக எழும்பும். உச்சியில் பத்தாயிரம் எண்ணிக்கை சேரும்வரை நிறுத்தக் கூடாது. பத்தாயிரம் எண்ணினால்தான் அதன் ஏற்ற இறக்கம் நூறு, அதாவது ஒரு விழுக்காடு.

எண்ணிக்கை மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. என்னுடன் வந்த ஒரு மாணவி பொறுக்க முடியாமல் கேட்டாள்: “லேசரைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாமா அண்ணா?”

கருவியில் இருந்த ஆய்வு மாணவர் சொன்னார்: “கூட்டலாம்மா. எண்ணிக்கை சீக்கிரம் ஏறும். ஆனா ஆயுள் குறைஞ்சு வரும்.”

காரணத்தையும் விளக்கினார். ஒரு துடிப்புக்குப் பின் கருவி முதலில் வரும் ஒளித்துகளை மட்டுமே எண்ணும். வெளிச்சம் அதிகமானால் ஒரே துடிப்பில் இரண்டு மூன்று துகள்கள் வரும். முந்தி வந்தது பதிவாகும், பிந்தி வந்தவை விடுபட்டுப் போகும். சீக்கிரம் வந்தவற்றின் கணக்கு மட்டும் குவிந்து, வளைவு உண்மையைவிட வேகமாகச் சரியும். அதனால் நூறு துடிப்புக்கு ஒன்றிரண்டு துகள்கள் மட்டுமே வரும்படி வெளிச்சத்தைக் குறைத்தே வைக்க வேண்டும். நானோ வினாடியை அளக்க நாங்கள் அன்று அரைமணி நேரத்துக்கும் மேல் நின்றோம். எனக்கு எங்கள் பழைய ரேக் நினைவுக்கு வந்தது. வெந்நீரில் வைத்த எஸ்டர் குடுவையும் அதிகமாக்கிய லேசரும் ஒரே மாதிரிதான் பொய் சொல்கின்றன.

இன்றைய நிலை பற்றி ஆசிரியன் என்ற முறையில் எனக்கு வருத்தம் உண்டு. செமஸ்டர் முறை வந்தபின் ஆய்வக நேரம் துண்டு துண்டாகிவிட்டது. ஒரு பேட்ச் வெளியேறும் முன்பே அடுத்த பேட்ச் வாசலில் நிற்கிறது. தேர்வில், விடை எதிர்பார்த்த மதிப்புக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதைப் பார்த்துத்தான் மதிப்பெண் கொடுக்கிறோம். இரண்டு விழுக்காட்டுக்குள் வந்தால் முழு மதிப்பெண், அதற்கு மேலே போகப் போகக் குறையும். இந்த ஏற்பாட்டில், எதிர்பார்த்த மதிப்பு என்னவென்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம் ஆகிறது. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவுகளை எழுதிவிடலாம். இதை மாணவர்கள் ‘ரீடிங் குக் பண்றது’ என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையான அளவை எழுதியவனுக்குக் குறைவாகவும், சமைத்தவனுக்கு அதிகமாகவும் மதிப்பெண் கொடுக்கிற முறையை வகுத்தது நாங்கள்தான்.

கணினித் திரையில் சோதனை செய்கிற ஏற்பாடுகளும் வந்துவிட்டன. பெருந்தொற்றுக் காலத்தில் அவை கைகொடுத்தன. ஒரு சோதனையின் வரிசையைப் பழகிக்கொள்ள அவை நல்ல துணை. ஆனால் திரையில் இன்பினிட்டி ரீடிங் ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடுகிறது. பிப்பெட் நுனியில் எஸ்டர் சொட்டுவதில்லை. யாருடைய 25.6-உம் வேறு யாருடைய 26.9-உம் அங்கே வித்தியாசப்படுவதில்லை.

விடைத்தாள் திருத்தும் பொறுப்பில் இருக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. இறுதி விடைக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியை, அளவுகள் எடுத்த அந்த முதல் பக்கத்துக்கு மாற்றுங்கள். அடித்துத் திருத்திய இடத்துக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். வெப்பநிலை என்ற கட்டத்தில் மாணவர் எழுதியது தெர்மாமீட்டர் காட்டியதுதானா என்று வைவாவில் ஒரு கேள்வி கேளுங்கள். விடைக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு ஓர் எண்ணை எழுதச் சொல்லுங்கள், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று விளக்கச் சொல்லுங்கள். துறைத்தலைவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: கால அட்டவணையில் ஆய்வக நாளுக்கு மறுநாள் காலை அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

நான் வேலை செய்யும் இடத்தில் அதை வாய்மொழி ஏற்பாடாகச் செய்துவைத்திருக்கிறோம். சாவி உதவியாளர் அம்மாவிடம் இருக்கிறது. எங்கள் ரேக்கில் இன்று மாலை ஏழு குடுவைகள் நிற்கின்றன, ஏழிலும் சீட்டு கட்டியிருக்கிறது. நாளை காலை எட்டே முக்காலுக்கு ஆய்வகம் திறந்திருக்கும்.